ஒரு கம்பி, எட்டுக் குழாய்

ஆடி மாதம் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ்ஸில் வந்தால், ஐயம்பேட்டையில் இறங்குமுன்பே அம்மன் பாட்டு காதுக்கு வந்துவிடும். எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலை ஒரு கம்பம் விட்ட இடத்தில் அடுத்த கம்பம் எடுத்துக்கொள்ளும். கூழ் வார்க்கும் நாளில் கோயில் வாசலில் தொடங்கித் தெருக்கோடி வரை கட்டுகிற குழாய்கள் அவை. ஒரே பாட்டை ஒரே நேரத்தில் எட்டு வாயால் பாடும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

பிறந்த வீடு கலிபோர்னியாவில் உள்ள நாப்பா. டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிட்ஹாமும் 1915-இல் தங்கள் கருவியில் ஒரு கிராமபோன் கூம்பை மாட்டிப் பார்த்தார்கள். குரல் ஊரைத் தாண்டிப் போயிற்று. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் முன்னிரவில் சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்துக்கு அதைப் பாட வைத்தார்கள். வைத்த பெயர் மாக்னவாக்ஸ், லத்தீனில் பெருங்குரல். நம் நாட்டில் அது அரசியல் மேடை வழியாகப் பரவியது. காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தவர் நானிக் மோட்வானே. காந்தி, நேரு பேசும் பழைய படங்களில் மைக்கின்மேல் ‘சிகாகோ ரேடியோ’ என்றிருக்கிறதே, அது அவர் நிறுவனத்தின் பெயர்தான்.

மேடையிலிருந்து கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் இறங்கியபோது அதற்கு ‘ரேடியோ செட்டு’ என்று பெயர் வந்தது. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில்லாமல் எந்த செட்டும் வாய் திறந்ததில்லை. இசைத்தட்டு போய் கேசட், கேசட் போய் சிடி, இப்போது லேப்டாப்போ செல்போனோ. பாட்டு புறப்படும் இடம் இத்தனை முறை மாறியும் அது போகும் வழி மாறவில்லை. எனக்கு வியப்பு அதில்தான்.

கணக்கைப் பாருங்கள். 30 வாட் குழாய்கள் எட்டு. மொத்தம் 240 வாட். 16 ஓம் யூனிட்டுகள் எட்டையும் நேராகப் பக்க இணைப்பில் கோத்தால் மொத்தத் தடை 2 ஓமுக்கு இறங்கிவிடும்; கம்பியில் ஏறத்தாழ 11 ஆம்பியர் ஓட வேண்டியிருக்கும். ஆம்ப்ளிஃபயர் சூடேறும், பாதி சத்தம் கம்பியிலேயே கரையும். அதனால் மின்வாரியம் செய்வதையே மைக்செட்காரரும் செய்கிறார். சத்தத்தை 100 வோல்ட்டுக்கு ஏற்றி அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கிக்கொள்கிறார். இப்போது ஓடுவது 2.4 ஆம்பியர்தான். அதே கம்பியில் இழப்பு சுமார் 20 மடங்கு குறைகிறது. மெல்லிய இரட்டை ஒயர் தெருவையே தாங்குவது இப்படித்தான்.

இதே வேலையை லேப்டாப்பிடம் தனியாக விட்டால் திணறுகிறது. வழக்கமாக விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கருக்குத்தான் பாட்டை அனுப்பும். நான் ஒருமுறை வீட்டில் ஒரு மென்பொருளை வைத்து, ஒயர் ஸ்பீக்கரையும் புளூடூத் ஸ்பீக்கரையும் சேர்த்துப் பாடவிட்டேன். கூடத்தில் ஒரு ஈஸ்வரி, சமையலறையில் கால் விநாடி பிந்தி இன்னொரு ஈஸ்வரி. புளூடூத் பாட்டைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, அனுப்பி, பிரிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அதைச் சரிசெய்தாலும் இன்னொன்று இருக்கிறது: ஒவ்வொரு ஒலிக்கருவிக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம். இரண்டு கடிகாரத்துக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால்கூட ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகிவிடும். மேக் கணினியில் பல ஸ்பீக்கரை ஒன்றாகக் கட்டும் இடத்தில் ‘ட்ரிஃப்ட் கரெக்‌ஷன்’ என்றொரு கட்டம் இருப்பது இந்த விலகலைத் திருத்தத்தான்.

இதைப் பட்டு நெய்கிறவருக்கு விளக்கவே வேண்டாம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். மூன்று நாடா, கூட உட்கார ஓர் ஆள். இருவர் கையும் ஒரே தாளத்தில் போனால்தான் உடலின் ஊடை கரையின் ஊடையைப் பிடிக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கும் அப்படி ஒரே தாளம் வேண்டும். எட்டுக் குழாய்க்கும் கம்பி ஒன்றே என்பதால் மைக்செட்காரருக்கு அது கேட்காமலே கிடைத்துவிடுகிறது.

கம்பியே இல்லாமலும் நெசவுத் தெருக்களில் அது நடந்திருக்கிறது. இலங்கை வானொலிக் காலத்தில் தறிக்குத் தறி ரேடியோ. இந்தக் கோடியில் பல்லவி கேட்டவன் நடந்தபடியே அந்தக் கோடியில் சரணம் கேட்கலாம், ஒரு சொல் தவறாது. 2022-இல் அறிவித்த ஆரகாஸ்ட் என்னும் புதிய புளூடூத் முறை ஒரே அலையை எத்தனை ஸ்பீக்கரும் பிடித்துக்கொள்ள விடுகிறது. சுற்றிவளைத்து ரேடியோவுக்கே வந்திருக்கிறார்கள்!

மைக்செட்காரரும் காற்றை வெல்லவில்லை. ஒலி 100 மீட்டர் கடக்க 0.3 விநாடி ஆகிறது. எதிரெதிராகக் கட்டிய குழாய்களுக்கு நடுவே நின்றால் பாட்டு இரட்டிக்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரட்டித்தாலும் ஒன்றுதான், இரட்டிக்காவிட்டாலும் ஒன்றுதான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இவை. திருவிழாவுக்கு அனுமதி வாங்கினாலும் நள்ளிரவோடு சரி.

வீட்டில் மூன்று அறையிலும் லேப்டாப் பாட வேண்டுமா? மூன்று புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிவிடாதீர்கள். ஹெட்போன் துளையிலிருந்து ஓர் ஒயர், அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். மற்றதை உங்கள் தெரு மைக்செட்காரரிடம் கேளுங்கள்.