ஹௌரா பாலத்துக்கு ஆற்றில் ஏன் தூண் இல்லை?

கொல்கத்தாவின் ஹௌரா பாலம் என்றதும் எல்லோரும் சொல்லும் தகவல் ஒன்று உண்டு: "நட்டு, போல்ட்டே இல்லாமல் கட்டிய பாலம்". உண்மைதான், முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம், அந்தப் பாலத்துக்கு ஆற்றின் நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது என்பதுதான்.

காரணம் தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய பாலத்தைப் பார்க்கணும். ஹூக்ளியின் கிழக்குக் கரையில் கல்கத்தா, மேற்குக் கரையில் ஹௌரா. 1854-ல் ரயில் வந்தது ஹௌராவுக்கு. ரயிலில் வந்தவர்கள் அங்கே இறங்கி, படகு பிடித்துத்தான் நகரத்துக்குள் போக முடியும்.

1874-ல் பிராட்ஃபோர்டு லெஸ்லி வடிவமைத்த மிதவைப் பாலம் வந்தது. நீளம் 1528 அடி. கப்பல் வந்தால் நடுவில் 200 அடி அளவுக்குப் பாலத்தைப் பிரித்து வழிவிட வேண்டும். அதுவரை மாட்டு வண்டி, குதிரை வண்டி, நடந்து போகிறவர்கள் எல்லோரும் கரையில் காத்துக் கிடக்கணும்! 1906-ல்தான் சிறிய கப்பல்களை இரவில் விட ஆரம்பித்தார்கள். கடல் கப்பல்களுக்கு அப்போதும் பகல் நேரம்தான்.

ஆக, சண்டை இதுதான்: ஆற்றைக் குறுக்கே கடக்கிறவனுக்கு முன்னுரிமையா, ஆற்றோடு போகிறவனுக்கா?

சரி, நிலையான பாலம் கட்டிவிடலாமே என்றால், அங்கே வேறொரு பயம். ஆற்றுக்குள் தூண் நட்டால் நீரோட்டம் மாறும், வண்டல் படியும், துறைமுகம் தூர்ந்துபோகும். அதனால்தான் கரையோரமாக இரண்டு கோபுரங்களை எழுப்பி, இடையில் 1500 அடிக்குத் தூணே இல்லாமல், சாலையை மேலிருந்து தொங்கவிட்டார்கள். மொத்தம் 26,500 டன் எஃகு. அதில் சுமார் 23,000 டன் டாடா கொடுத்தது. 1943 பிப்ரவரியில் பாலம் திறந்தபோது விழா எதுவும் கிடையாது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ஜப்பான் விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டிருந்தன.

இவ்வளவு செய்தும் வண்டல் நின்றதா? இல்லை. கங்கையின் பெரும்பகுதி நீர் எப்போதோ கிழக்கே பத்மா பக்கம் திரும்பிவிட்டது. ஹூக்ளியில் வண்டலை அடித்துப் போக வேகம் போதவில்லை. அதற்காக 1975-ல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியது. 1977-ல் கடலுக்கு இன்னும் அருகே ஹால்தியா துறைமுகம் வந்தது. ஃபராக்காவில் தண்ணீரைத் திருப்பியதால் வங்கதேசத்தோடு தகராறு. 1996-ல்தான் 30 ஆண்டுக்கான ஒப்பந்தம் ஏற்பட்டது.

ஒரு தூணைத் தவிர்த்தால் ஆற்றைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தார்கள். ஆனால் ஆற்றின் தலைவிதி பாலத்துக்கு அடியில் இல்லை, பல நூறு கிலோமீட்டர் மேலே இருந்தது.

இன்னொரு விஷயம். இவ்வளவு பேர் நடந்து போகிற அந்தப் பாலத்தை இன்றும் பராமரிப்பது துறைமுக நிர்வாகம்தான்!