கணிகையர் கைப்பொருள்

எங்கள் வீட்டுப் பரணில் நெடுநாள் ஒரு மரப்பலகை கிடந்தது. அதன் முகம் முழுவதும் மிளகளவான சிறுகுழிகள். சிறுவயதில் அதைப் பல்லாங்குழிப் பலகையின் குட்டி என்றே எண்ணியிருந்தேன். அது சக்கரம் எண்ணும் பலகை என்று பின்னர் என் பாட்டனார் விளக்கினார். திருவிதாங்கூர் தனியரசாக விளங்கிய நாளில் வெள்ளிச் சக்கரமே மக்கள் கையில் புழங்கிய நாணயம். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவினதாகலின் அதை எண்ணுவது எளிதன்று. ஒரு பிடியை அள்ளிப் பலகையில் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக அமரும். மிகுதியை வழித்துவிட்டால் கணக்குச் சரி. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். எல்லைக்கு அப்பால் ஆங்கில ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கர வேறுபாட்டில் பிழைத்த நாணயமாற்றுக்காரர் பலர்.

காரோட்டில் பிறந்தவர்க்கு எல்லை என்பது படத்தில் உள்ள கோடு அன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. பேச்சும் மாறவில்லை, உறவும் அறவில்லை, கணக்கு மட்டும் மாறிற்று. கணக்கு மாறும்போது யார் இழக்கிறார், யார் பெறுகிறார் என்னும் கேள்வி எனக்கு இளமையிலேயே ஏற்பட்டதற்கு இம்மண்ணே காரணம். அக்கேள்வியை, ஆன்றோர் அவையில் பேசத் தயங்கும் ஒரு கூட்டத்தாரிடம் வைத்துப் பார்க்க விழைகிறேன். துணைமை தந்து பொருள் பெற்ற மகளிர்க்கு அப்பொருள் எவ்வடிவில் வந்தது? பொன்னாகவா, நெல்லாகவா, நாணயமாகவா, இன்றுபோல் கைப்பேசியின் ஒலியாகவா? வடிவம் மாறியபோது அவர்கள் நிலை என்னவாயிற்று?

தலைப்பைக் கண்டு முகஞ்சுளிக்கும் அன்பர்க்கு ஒரு சொல். பரத்தை, கணிகை, விறலி, தளிச்சேரிப் பெண்டு, தேவரடியார் என்பன ஒரே பொருளுடைய சொற்கள் அல்ல. இவற்றை ஒன்றாகக் குழப்பியவர் பெரும்பாலும் பிற்காலத்தார். கோயிற் பெண்டிர் பலர் தம் கைப்பொன்னைக் கோயிலுக்கே விளக்கெரிக்க அளித்த கொடையாளர் என்பதைச் சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த லெஸ்லி ஓர் விரிவாகக் காட்டியுள்ளார். அவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே மேலே செல்வோம்.

இப்பொருள் பற்றிய மிகப் பழைய வாதம் ஒன்று காமசூத்திரத்தின் வைசிகப் பகுதியில் உள்ளது. ஒரே அளவு பொருள் தரும் காதலர் பலர் வந்தால், தான் வேண்டும் பொருளைத் தருபவனையே கணிகை ஏற்கவேண்டும் என்பது பழைய ஆசிரியர் கொள்கை. வாத்சியாயனர் இதை மறுக்கிறார். பொன் தருபவனையே தேர்க என்கிறார். அவர் காட்டும் காரணங்கள் இரண்டு: கொடுத்த பொன்னைத் திரும்பப் பெற இயலாது, எல்லாக் காரியங்களுக்கும் அதுவே வேர். ஆடையையும் கட்டிலையும் பாத்திரத்தையும் ஊடலில் பறித்துச் செல்லலாம், பொன்னைப் பறிப்பது அரிது என்பது கருத்து. ரொக்கத்தின் சிறப்பை இதனினும் சுருங்கக் கூறிய பொருளாதார நூல் எனக்குத் தெரிந்து இல்லை.

அர்த்தசாத்திரம் வேறு கண்ணுடையது. அது கணிகையைக் காதலன் பக்கமிருந்து நோக்காமல் கருவூலத்தின் பக்கமிருந்து நோக்குகிறது. கணிகாத்தியட்சன் என்னும் அதிகாரி அரசவைக் கணிகைக்கு 1000 பணம் வகுத்தளிக்கிறான். அவள் பெறும் கட்டணம், மரபுரிமை, வரவு, செலவு, வருங்கால வருவாய் அனைத்தையும் பதிவேட்டில் எழுதுகிறான். பொதுமகளிர் திங்கள்தோறும் இரு முறைக் கட்டணத்தை அரசுக்குச் செலுத்தவேண்டும். கட்டணம் பெற்றபின் மறுத்தால் அவளுக்கு இருமடங்கு தண்டம். அவள் அணியையோ கட்டணத்தையோ பறித்தவனுக்கு எட்டு மடங்கு தண்டம். ஏட்டைக் காப்பதே பிழைப்பாகக் கொண்ட எழுத்தனாகிய எனக்கு இப்பகுதியைப் படிக்குந்தோறும் வியப்பும் அச்சமும் ஒருங்கே எழும். பதிவேடு அவளைக் காக்கிறது. அதே பதிவேடு அவளைக் கட்டியும் வைக்கிறது. எட்டு மடங்கு தண்டம் வேண்டுமாயின் அவள் பெயர் ஏட்டில் இருந்தே ஆகவேண்டும்.

நம் சிலப்பதிகாரத்தில் மாதவிக்கு மன்னன் அளித்த பச்சைமாலையின் விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். அதை வாங்குவோன் மாதவிக்கு மணாளன் என்று கூறிக் கூனி நகர வீதியில் நின்று விற்றாள். விலை பேசப்பட்டது பெண்ணுக்கு அன்று, மாலைக்கு! நேரே கொடுத்தால் நாணம் தரும் பொருள் ஓர் அடையாளப் பொருளின் வழியே கைமாறும்போது நாகரிகமாகிவிடுகிறது. இன்றும் 'பரிசு', 'செலவுக்கு' என்று பெயரிட்டே இத்தகைய பணம் அனுப்பப்படுகிறது.

நெல்லுக்கு வருவோம். தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் பல ஊர்த் தளிகளிலிருந்து 400 பெண்டிரைக் கொணர்ந்து தளிச்சேரியில் குடியமர்த்தினான். ஒருத்திக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல், குடியிருக்க வீடு. யார் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் வெட்டப்பட்டது. அவள் இறந்தால் தகுதியுடைய அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்ய வேண்டும். பொன்னுக்கு இல்லாத ஒரு நன்மை இதற்கு உண்டு. முதுமையிலும் பஞ்சத்திலும் நெல் வந்துகொண்டிருக்கும். பொன்னுக்கு இல்லாத ஒரு தீமையும் உண்டு. அவள் தஞ்சையை விட்டு வேறெங்கும் போக இயலாது. நெல்லும் வீடும் கோயிலடியில் கட்டுண்டவை.

இந்தக் கட்டு எங்கள் பக்கத்திலும் இருந்தது. சுசீந்திரம் முதலிய தென் திருவிதாங்கூர்க் கோயில்களின் பெண்டிர் 'குடிக்காரி' எனப்பட்டதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுப்பு குறிக்கிறது. அரசு தந்த குடியில் வாழ்பவள் என்பது பொருள். முதுமையில் பணி நீங்கும்போது காதுத் தோட்டைக் கழற்றி வைக்கும் சடங்கு உண்டு. அதன்பின் அவள் தாய்க்கிழவி. சேது லட்சுமி பாயி மகாராணியார் பகராளுநராக விளங்கிய காலத்தில் (1924–1931) இம்முறை திருவிதாங்கூரில் ஒழிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1929-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், கோயிற் பணிக்கென விடப்பட்ட மானிய நிலங்களை அப்பணியினின்று விடுவித்தது. பொட்டறுப்புச் சட்டம் என்றால் 1947-ஐ மட்டுமே நினைவுகூர்கிறோம். பணி போனாலும் நிலம் போகாமல் வழி செய்த 1929-ஐ யாரும் பேசுவதில்லை. ஓர் ஊதியமுறையை ஒழிப்போர் அவ்வூதியத்தை உண்டவரின் வயிற்றையும் எண்ணினர் என்பதற்கு நம் வரலாற்றில் எடுத்துக்காட்டுகள் மிகச் சிலவே.

நாணயமாகப் பெற்றவர் கதையோ வேறு. 1443-இல் விசயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அந்நகரின் கணிகையர் இல்லங்களிலிருந்து வந்த வரி, காவலர் 12,000 பேரின் ஊதியத்துக்குச் சென்றது என்று எழுதினார். காவலர் கூலியைக் கணிகையர் கொடுத்தனர். கணிகையரைக் காவலர் கண்காணித்தனர். பிற்காலத்தில் இவ்வரி அரசின் ஏட்டிலிருந்து நீங்கிற்று. ஆயினும் வசூல் நிற்கவில்லை என்பதை ஊர் அறியும்.

பணம் கையிலிருந்து கைக்குச் செல்லாமல் தாளில் ஏறிச் செல்லும் வழி 1880-இல் அஞ்சல் துறை தொடங்கிய மணியார்டரால் திறந்தது. தந்தி மணியார்டர் அதனினும் விரைந்தது. மின்கம்பியில் பணம் சென்றது நம் நாட்டுக்கு நேற்றைய புதுமை அன்று. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இத்தொழிலில் வாழ்ந்த எத்தனையோ மகளிர் தம் ஊர்த் தாய்மார்க்கு மாதந்தோறும் அனுப்பியது இவ்வழியேதான். படிவத்தின் அடியில் சில வரி எழுத இடம் உண்டு. 'நலம், வீட்டு வேலை செய்கிறேன்' என்பது போன்ற பொய்களை எத்தனை தபால்காரர் எத்தனை திண்ணைகளில் படித்துக் காட்டியிருப்பர்! அந்தப் பழைய மணியார்டர் முறை 2015-இல் முடிவுற்றது.

அடுத்த ஆண்டே வந்தது பேரிடி. 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. வங்கிகளைப் போலவே அஞ்சலகங்களிலும் மாற்றித் தந்தோம். முதலில் ஒருவருக்கு 4000 ரூபாய். படிவமும் அடையாளச் சான்றும் கட்டாயம். அப்போது நான் அமர்ந்திருந்த முகப்பில் ஒரு மூதாட்டி எட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினார். அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்பதை வரிசையில் நின்றோர் அனைவரும் அறிவர். அவருக்கும் முன்னும் பின்னும் இரண்டடி இடைவெளி விட்டே நின்றனர்.

"சாரே, என் கையில் கார்டு ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டிலும் என் பேரை வெட்டிவிட்டார்கள்" என்றார்.

"சான்று இல்லாமல் என்னால் முடியாது அம்மா. யாரையாவது கூட்டி வாருங்கள்" என்றேன்.

"எனக்கு யார் வருவார், மக்களே?" என்று கேட்டுவிட்டு, தாள்களை மடியில் செருகிக்கொண்டு நடந்தார்.

விதிப்படி நான் செய்தது சரியே. அந்த 4000 ரூபாயைப் பின்னர் யாரோ ஒருவன் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டான் என்று கேள்வியுற்றேன். வாத்சியாயனர் காட்டிய முதற் காரணம், கொடுத்ததைத் திரும்பப் பெற இயலாது என்பது, ஓர் இரவில் பொய்த்துவிட்டது. கொடுத்தவன் பறிக்கவில்லை, அச்சிட்டவனே பறித்தான்.

அவ்வாண்டுதான் யூ.பி.ஐ. என்னும் கைப்பேசிப் பணமுறையும் புழக்கத்துக்கு வந்தது. இன்று காரோட்டு மீன்காரி முதல் கோயில் உண்டியல் வரை கட்டப் படம் ஒட்டியிருக்கிறது. இத்தொழிலிலும் அது நுழைந்தது வியப்பன்று. இதன் நன்மை தெளிவு: இரவில் கையில் பணம் வைத்திருந்து அடியாளிடம் பறிகொடுக்க வேண்டியதில்லை, தரகன் எண்ணிப் பார்த்துக் குறைத்துத் தர இயலாது, சேமிப்பு தானே சேரும். ஆனால் பணம் அனுப்புகிறவன் திரையில் வங்கிக் கணக்கிலுள்ள உண்மைப் பெயர் தோன்றும். ஊருக்கு ஒரு பெயர், தொழிலுக்கு ஒரு பெயர் என்று வாழ்கிறவளின் காப்பரண் அந்த ஒரு நொடியில் இடிகிறது. போலியாகப் 'பணம் சென்றது' என்னும் படத்தைக் காட்டி ஏய்ப்போர் உளர். மறுபுறம், துணைமை தருவதாகக் கூறி முன்பணத்தை மின்வழி வாங்கிக்கொண்டு மறையும் மோசடிக் கும்பல்களும் உள. ஏமாந்த ஆடவன் நாணத்தால் காவல்நிலையம் செல்லான். 2023-இல் மோசடிப் பணம் கலந்தது என்று கேரளச் சிறுவணிகர் பலரின் கணக்குகள் முடக்கப்பட்டதையும் கண்டோம். கடைக்காரர் சங்கம் வைத்துப் பேசினார். இவள் எந்தச் சங்கத்திடம் செல்வாள்?

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. 1956-ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான வணிகத் தடைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, அறிந்தே இவ்வருவாயில் வாழும் 18 வயது கடந்த எவரையும் தண்டிக்கிறது. தரகனைக் குறிவைத்து எழுதப்பட்ட பிரிவு அது. ஆயினும் முதிய தாயும் கல்லூரி செல்லும் மகனும் அதன் எல்லைக்குள் வந்துவிடுகின்றனர். ரொக்கமாகக் கொடுத்தால் சான்றில்லை. மாதந்தோறும் மகன் கணக்குக்கு அனுப்பினால் வங்கியே சான்று எழுதித் தந்துவிடும்.

வெளிநாடுகளிலும் இந்த இழுபறியே. செருமனி 2002-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் பேசிய கட்டணத்தை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமையை அளித்தது. கௌடிலியர் வைத்த ஏடு மீண்டும் திறந்தது எனலாம். அமெரிக்காவிலோ 2015-இல் பேக்பேஜ் என்னும் விளம்பரத் தளத்தினின்று விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் விலகிக்கொண்டன. எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காமலே ஒரு கட்டண வழி அடைபட்டது. பலர் பிட்காயினுக்கு ஓடினர். பொருளைப் பெறும் வழியைக் கையில் வைத்திருப்பவன் அரசனல்லாவிடினும் அரசனே.

நம் நாட்டில் நான் மதிக்கும் முயற்சி 1995-இல் கல்கத்தாவின் சோனாகாச்சியில் நடந்தது. 13 மகளிர் கூடி உஷா கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்ய முனைந்தனர். உறுப்பினர் நல்லொழுக்கமுடையோராதல் வேண்டும் என்று விதி தடுத்தது. அவர்கள் தம் தொழிலை மறைத்து 'இல்லத்தரசி' என்று எழுத மறுத்தனர். இறுதியில் தடை நீங்கியது. நாள்தோறும் வீடுவீடாகச் சென்று பத்தும் இருபதுமாகச் சேமிப்பு திரட்டினர். அதுவரை அவர்கள் வருவாயை உறிஞ்சியவர் கந்துவட்டிக்காரர். ரொக்கமா, கணக்கா என்பதைவிடக் கணக்கு யாருடைய கையில் என்பதே பெரிது என்பதை அவர்கள் ஏடு படியாமலே அறிந்திருந்தனர்.

உச்சநீதிமன்றம் 2021 டிசம்பரில் இம்மகளிர்க்குக் குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் வழங்க ஆணையிட்டது. 2022 மே 19-ஆம் நாள், இருப்பிடச் சான்று கேளாமல், தேசிய எய்ட்சுக் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி தரும் சான்றின்மீது ஆதார் வழங்கலாம் என்றும், அவ்வட்டை தொழிலைக் காட்டிக்கொடுக்கும் குறி எதையும் தாங்கலாகாது என்றும் வழிவகுத்தது. அட்டை இருந்தால் கணக்கு, கணக்கு இருந்தால் அந்தக் கட்டப் படம்.

இத்தகவலைச் சுற்றறிக்கையில் படித்த அன்று மாலை, அந்த மூதாட்டி இருந்த இடத்தை விசாரித்துச் சென்றேன். புறவழிச்சாலைக்காக அப்பகுதி இடிக்கப்பட்டிருந்தது. தேநீர்க் கடைக்காரர் கேட்டார்: "அவளா? போன மழைக்கே போய்விட்டாளே. சாருக்கு ஏதாவது தரவேண்டியிருந்ததா?"