வெள்ளத்தில் ஒரு மேடு: பென் லூசியன் பேர்மன்

மிஸிஸிப்பி நதி என்றதும் இலக்கிய நேயர்களுக்கு மார்க் ட்வெய்ன் நினைவுக்கு வருவார். அவர் 1910இல் மறைந்தார். அவருக்குப் பின் அந்நதியைத் தமது களமாகக் கொண்ட நாவலாசிரியர்களுள் ஒருவர் பென் லூசியன் பேர்மன். நம்மவர் அதிகம் அறியாத பெயர் இது.

பேர்மன் 1895இல் கென்டக்கி மாநிலத்தில், ஒஹாயோ நதிக்கரை நகரான கொவிங்டனில் பிறந்தார். முதலாம் உலகப் போரில் பிரான்ஸில் காயமடைந்தார். பின்னர் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஆனால், அவர் எழுத்தில் இடம்பெற்றவர்கள் பட்டதாரிகள் அல்லர். படகின் மீது பலகைக் குடில் அமைத்து, மீன் பிடித்து, ஆற்றோடு இடம்மாறி வாழ்ந்த ஏழைகளையே அவர் எழுதினார்.

'மிஸிஸிப்பி' 1929இல் வெளிவந்தது. 1933இல் வந்த 'ஸ்டீம்போட் ரவுண்ட் த பென்ட்' அவருக்குப் பெரும் புகழ் தந்தது. ஜோன் போர்ட் 1935இல் அதனைத் திரைப்படமாக்கினார். புகையிரதமும் நெடுஞ்சாலையும் வந்தபின் நீராவிக் கப்பல்கள் குறைந்துவந்த காலம் அது. மறைந்துகொண்டிருந்த ஒரு வாழ்க்கையை அவர் பதிவு செய்தார்.

அந்த நதி கொடியதுமாகும். 1927ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீற்றர் நிலம் மூழ்கியது. 6 இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தனர்.

வெள்ளத்தையே பின்னணியாக்கி 1952இல் அவர் எழுதியது 'ஹை வோட்டர் அட் கெற்ஃபிஷ் பென்ட்'. அவரது மனைவி அலிஸ் கடி அதற்குச் சித்திரம் வரைந்தார். நீர் சூழ்ந்த ஒரு மேட்டில் ரக்கூன், நரி, முயல், தவளை, பாம்பு ஆகியன அகப்பட்டுக்கொள்கின்றன. ஒன்றுக்கொன்று இரையாகக் கூடியவை, ஒன்றையொன்று தீண்டுவதில்லை என உடன்பாடு செய்கின்றன.

பாசத்தால் விளைந்த உடன்பாடல்ல இது. நிற்பதற்கு வேறு நிலமில்லை. இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் நீதிக்கதையே. ஆனால், அவை வெள்ளத் தடுப்பு அணை வேண்டுமென முறையிட நியூ ஓர்லியன்ஸ் நகருக்கு ஒன்றாகப் பயணமாகின்றன. ஆபத்தில் பிறந்த ஒற்றுமை பொதுக் கோரிக்கையாக வளர்வதைக் காட்டியதே பேர்மனின் சிறப்பு.

பேர்மன் 1984இல் காலமானார். அவரைப் பிரதேச எழுத்தாளர் என்பர். அது சரியே. ஆயினும் வெள்ளம் கண்ட எந்த ஊர் வாசகருக்கும் அந்த மேடு அந்நியமாகத் தோன்றாது.