சி டிரைவ், டி டிரைவ்: ஒரு பாகப்பிரிவினையின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வாரம் திருப்பூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் மட்டும் தடுமாறுவான். இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். "டீச்சர், வீட்டுக் கம்ப்யூட்டர்ல சி டிரைவ் சிவப்பாயிடுச்சு. டி டிரைவ் பாதிக்கு மேல காலியா கிடக்கு. அதுல கொஞ்சம் எடுத்து இதுல சேர்த்துடலாமா? யூடியூப்ல அஞ்சு நிமிஷ வேலைன்னு காட்டுறாங்க" என்றான். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எதையும் தொடாதே, எழுதுகிறேன்" என்றேன். அதுதான் இது. உங்களில் சிலரிடம் நான் பல வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் இதில் வருகிறது.

முதலில், ஏன் சி? ஏ எங்கே, பி எங்கே? அந்த இரண்டு எழுத்தும் ஃபிளாப்பிக்குக் கொடுக்கப்பட்டவை. ஐபிஎம் நிறுவனம் 1983இல் பிசி எக்ஸ்டி என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் உள்ளேயே 10 எம்பி ஹார்டு டிஸ்க் இருந்தது. இன்றைக்கு செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று படத்துக்கே அது காணாது. ஏ, பி போய்விட்டதால் அதற்கு சி கிடைத்தது. ஃபிளாப்பி போன பிறகும் சி நகரவில்லை.

அந்தக் கம்ப்யூட்டருடன் வந்த டாஸ் 2.0இல் எஃப்டிஸ்க் என்று ஒரு கருவி இருந்தது. டிஸ்கைப் பங்கு போடும் கருவி. பங்கு போடுவது என்றால் உள்ளே சுவர் எழுப்புவது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சுவரும் கிடையாது, வரப்பும் கிடையாது. டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். நான்கு வரி. வரிக்கு 16 பைட், ஆக 64 பைட். இந்தப் பங்கு எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு நீளம், என்ன வகை, அவ்வளவுதான் அதில் எழுதியிருக்கும். நம் கிராமத்து அ பதிவேடு மாதிரி. நிலத்தில் என்ன விளைந்திருக்கிறது என்று அ பதிவேட்டுக்குத் தெரியாது. சர்வே எண்ணும் விஸ்தீரணமும்தான் தெரியும். பதிவேட்டில் ஒரு எண்ணைத் திருத்தினால் நிலத்தில் நெல் இடம் மாறிவிடாது. நெல் அங்கேயே நிற்கும், ஆனால் யாருடைய நெல் என்ற கேள்வி வந்துவிடும். பார்ட்டிஷனில் வரும் எல்லாத் தொல்லைக்கும் மூலம் இதுதான்.

நான்கு வரி ஏன் வைத்தார்கள்? ஒரே டிஸ்கில் ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் குடியிருக்கட்டும் என்றுதான். இதை ஞாபகத்தில் வையுங்கள், கீழே வரும்.

பிறகு டிஸ்க் பெரிதானது. டாஸோ ஒரு பங்கை 65,536 துண்டுகளுக்கு மேல் எண்ணத் தெரியாததாக இருந்தது. ஒரு துண்டு 512 பைட். பெருக்கிப் பாருங்கள்: 3,35,54,432. அதாவது 32 எம்பி. 40 எம்பி டிஸ்க் வாங்கியவர் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்காகவே 1987இல் டாஸ் 3.3இல் ஒரு பங்குக்குள் உட்பிரிவு வைக்கும் வசதி வந்தது. அடுத்த வருஷம் 32 எம்பி வரம்பு உடைந்தது. ஆனால் 2 ஜிபி என்று இன்னொரு வரம்பு காத்திருந்தது. 1996இல் ஃபேட் 32 வந்துதான் அது தீர்ந்தது.

தேவை தீர்ந்தது, பழக்கம் தீரவில்லை. நம் பக்கத்துக் கடைகளில் அசெம்பிள் செய்து கொடுக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் சி-யில் விண்டோஸ், டி-யில் பாட்டு, ஈ-யில் போட்டோ என்று பிரித்தே கொடுப்பார்கள். விண்டோஸ் கெட்டுப்போய் சி-யை அழித்துத் திரும்பப் போட்டாலும் டி பத்திரமாக இருக்கும் என்பது காரணம். சரியான காரணம்தான். ஆனால் இதனால் ஒரு தப்பு எண்ணமும் ஊறிவிட்டது: "டி-யில காப்பி வெச்சிருக்கேன், பயமில்லை." சி-யும் டி-யும் ஒரே தகட்டில்தான் இருக்கின்றன. தகடு போனால் இரண்டும் போகும்.

பங்கு போட்ட பிறகு அளவை மாற்ற ஆரம்ப காலத்தில் வழியே இல்லை. எஃப்டிஸ்கில் பழைய பங்கை அழித்து, புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் ஃபிளாப்பியிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும். 1990களில் ஆர்னோ ஷேஃபர் என்பவர் ஃபிப்ஸ் என்று ஒரு சின்ன இலவசக் கருவி எழுதினார். லினக்ஸை முயற்சி செய்ய ஆசைப்பட்டவர்களுக்காக. அது செய்த வேலை எளிமையானது. பங்கின் கடைசியில் காலியாக இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தரும். அதற்கு முன்னால் கோப்புகளையெல்லாம் முன்பக்கமாக நெருக்கி அடுக்கி வைத்துவிட வேண்டும். முதலில் பயிரை ஒதுக்கு, பிறகு கல்லைப் பிடுங்கு. அந்த வரிசை மாறவே கூடாது. அதே பத்தாண்டில் பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக் வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். படத்தில் கோட்டைப் பிடித்து இழுத்தால் போதும். 2003இல் சிமாண்டெக் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. லினக்ஸ் பக்கம் பார்ட்டட், பிறகு ஜிபார்ட்டட். 2007இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில்தான் மைக்ரோசாஃப்ட் தன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே பங்கைச் சுருக்கும் வசதியைக் கொடுத்தது. எஃப்டிஸ்க் வந்து இருபது வருஷத்துக்கு மேல்!

இனி நம் வீட்டுக் கதை.

2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் மூலம் வாங்கி அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். உங்களில் பலர் கையில் வாங்கிய முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதில் இரண்டு இயங்குதளம் இருந்தது. ஒன்று விண்டோஸ். மற்றொன்று சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், நம் நாட்டுத் தயாரிப்பு. திறந்தவுடன் "எது வேண்டும்?" என்று கேட்கும். 1983இல் நான்கு வரி எதற்காக வைத்தார்களோ அதற்காகவே அந்த நான்கு வரி ஜவ்வாது மலைக் குடிசைக்குள்ளும் வேலை செய்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு சந்தோஷம்.

என் தங்கை மகளுக்கும் ஒன்று வந்தது. "பெரியம்மா, இந்த லினக்ஸ் நமக்கு எதுக்கு, இடத்தை அடைச்சிக்கிட்டு இருக்கு" என்றாள். நான்தான் கம்ப்யூட்டர் தெரிந்த பெரியம்மா ஆயிற்றே! விண்டோஸுக்குள் போய் அந்தப் பங்கை அழித்தேன். மறுபடி போட்டால் கறுப்புத் திரை, கிரப் ரெஸ்க்யூ என்று ஒரு வரி, அவ்வளவுதான். எந்த இயங்குதளம் என்று கேட்கும் அந்த வாசல்காரனின் குடியிருப்பே லினக்ஸ் பங்குக்குள்தான் இருந்திருக்கிறது. அவன் வீட்டை இடித்துவிட்டேன். உள்ளே கோப்பு எதுவும் போகவில்லை. விண்டோஸ் சிடி ஒன்றைத் தேடிப் பிடித்து, வாசலை மட்டும் சரி செய்ததும் திறந்துகொண்டது. இவ்வளவுதானா என்ற தைரியம் வந்துவிட்டது. அந்த தைரியம்தான் கெடுத்தது.

அதே 2012. எங்கள் வீட்டு மேசைக் கம்ப்யூட்டர் 2006இல் வாங்கியது. 80 ஜிபி. கடைக்காரர் சி-க்குப் பத்தே ஜிபி ஒதுக்கியிருந்தார். அது நிரம்பிவிட்டது. டி-யில் நிறைய இடம். டி-யில் என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

புதூர்நாட்டு மலைப்பாதையில் பஸ்ஸில் ஏறி இறங்கிய வருஷங்களிலும், பிறகு கீழே பணிபுரிந்த பள்ளிகளிலும், வருஷ முடிவில் எடுத்த குழுப்படங்கள். 2009 கோடை விடுமுறை முழுக்க உங்கள் வீடுகளுக்கு வந்து படங்களை இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? யாரிடம் எந்தப் படம் வாங்கினேன் என்ற பட்டியலையும் ஒழுங்காக டைப் செய்து வைத்திருந்தேன். அதுவும் டி-யில்தான்.

நான் செய்யப் போன வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். சி முன்னால், டி அதற்குப் பின்னால். சி வளர வேண்டுமானால் டி-யின் ஆரம்பம் பின்னுக்குத் தள்ளிப் போக வேண்டும். அதாவது டி-க்குள் இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து, கொஞ்சம் தள்ளி எழுத வேண்டும். பங்கின் வால் பக்கம் காலி இடத்தை வெட்டுவது நிமிஷக் கணக்கு. தலையை நகர்த்துவது மணிக்கணக்கு. நடுவில் நின்றுபோனால் பதிவேடு ஒன்று சொல்லும், நிலம் வேறு சொல்லும்.

2012இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எப்போது போகும், எப்போது வரும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டை நம்பி ஒரு சனிக்கிழமை மதியம் இலவச மென்பொருள் ஒன்றை ஓட விட்டேன். யுபிஎஸ் பேட்டரி பழசு. பத்து நிமிஷம் தாங்கும், போதும் என்று நினைத்தேன். பாதி வழியில் கரண்ட் போயிற்று. பத்து நிமிஷம் பீப் பீப் என்று கத்திவிட்டு யுபிஎஸ்ஸும் அணைந்தது. ஒன்றரை மணி நேரம் விசிறி மட்டையோடு அந்தத் திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

கரண்ட் வந்தபின் டி-யைத் திறந்தால், "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டது. செய்யவில்லை, அந்த மட்டும் புத்தி இருந்தது. ஆனால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. என்னென்னவோ மென்பொருளை அதே டிஸ்கில் இறக்கி ஓட்டினேன். ஒவ்வொன்றும் மிச்சம் இருந்ததின்மேல் உட்கார்ந்தது. கடைசியில் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு மாணவன் வந்து டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போய், ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியில் போட்டு மீட்டான். பதிவேட்டைப் பார்க்காமல் நிலத்தைத் தோண்டித் தேடும் கருவி அது. படங்கள் வந்தன. பெயர் போயிற்று, வருஷம் போயிற்று, வெறும் எண்கள்தான். பட்டியல் வரவேயில்லை. சில படங்கள் மேலே முழுசாக, கீழே வெறும் சாம்பல் நிறமாக வந்தன.

குழுப்படத்தில் கீழே யார் இருப்பார்கள்? தரையில் சம்மணம் போட்ட சின்னப் பிள்ளைகள். ஆசிரியர்களும் நாற்காலியும் பத்திரமாக இருக்கிறோம். 2016இல் மலையிலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார்கள். மகன் விபத்தில் போய்விட்டான். சின்ன வயசுப் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, டீச்சரிடம் இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1994ஆம் வருஷப் படத்தில் அவன் முன்வரிசையில் சிலேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அந்தச் சிலேட்டே படத்தில் இல்லை. டீ போட்டுக் கொடுத்து, தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்ல?

சரி, திருப்பூர்க்காரனே, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் பங்கையே தொடாமல் முடியுமா பார். சி-யில் இருக்கும் படம், வீடியோ, டவுன்லோட் இவற்றை டி-க்கு மாற்றினாலே முக்கால்வாசிப் பேருக்குப் போதும். முடியாது என்றால், சி-யும் டி-யும் ஒரே டிஸ்கில்தான் இருக்கிறதா என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார். இப்போது பலவற்றில் சி ஒரு எஸ்எஸ்டி, டி தனி ஹார்டு டிஸ்க். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடம் தர வழியில்லை. பக்கத்து ஊர் நிலத்தை உன் வீட்டு மனையோடு சேர்க்க முடியுமா?

ஒரே டிஸ்க் என்றால், டி-யின் தலையை நகர்த்தும் வேலையே வேண்டாம். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கு அல்லது இரவல் வாங்கு. டி-யில் இருப்பது முழுவதையும், சி-யில் உன் சொந்தக் கோப்புகளையும் அதில் காப்பி செய். செய்தபின் அந்த வெளி டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, பத்துப் படமாவது திறந்து பார். இதை எத்தனை பேர் செய்கிறார்கள்! திறந்து பார்க்காத காப்பி காப்பி ஆகாது. பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வை. சி-யில் பிழை இருக்கிறதா என்று ஒரு முறை சோதித்துவிடு. மடிக்கணினி என்றால் பேட்டரி முழுசாக இருக்கட்டும், சார்ஜரும் மாட்டியிருக்கட்டும்.

பிறகு டி-யை அழி. பயப்படாதே, காப்பி வெளியே இருக்கிறது. பழைய முறைப் பட்டியல் என்றால் டி ஒரு உட்பிரிவுக்குள் இருக்கலாம். அந்த வெளி வட்டத்தையும் அழித்தால்தான் சி-யை நீட்டும் எக்ஸ்டெண்ட் வால்யூம் உயிர்பெறும். காலி இடம் சி-யை ஒட்டி வலப்பக்கம் இருந்தால்தான் அது வேலை செய்யும். நடுவே ரெகவரி என்று ஒரு சின்னப் பங்கு நின்றால் அங்கேயே நிறுத்திக்கொள், எனக்குப் போன் செய். "டைனமிக் டிஸ்காக மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். சி நீண்டபின் மிச்ச இடத்தில் புது டி போட்டு, வெளி டிஸ்கிலிருந்து திரும்பக் காப்பி செய். அரை நாள் ஆகும். ஆகட்டும். வெளி டிஸ்கில் இருப்பதை மட்டும் அழிக்காதே.

இப்போது என் வேலை. 1992 முதல் 1998 வரை என்னிடம் படித்தவர்கள், பழைய டிரங்குப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்பக்கம், கல்யாண ஆல்பத்தின் கடைசி உறை, எங்காவது குழுப்படம் இருந்தால் வெயில் வெளிச்சத்தில் நேராக வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். வருஷமும் வகுப்பும் பின்னால் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். குறிப்பாக 1994. முன்வரிசையில் சிலேட்டு பிடித்திருப்பவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பையன். அந்த அம்மா வீட்டுக்கு நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.