மருத்துவமனை வீடு தேடி வந்த கதை

மாரடைப்பு வந்தவரை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், "உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்" என்பீர்கள். சரியான விடைதான். ஆனால் அந்த விடையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு என்பதை 1960-களில் எடுத்துக்காட்டினார் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்னும் மருத்துவர்.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், ராயல் விக்டோரியா மருத்துவமனையில் பணியாற்றியவர் இவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார். (மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த அதே பாதைதான்.) அங்கே பெரிபெரி நோய் அவருடைய இதயத்தையும் தாக்கியது. உயிருடன் திரும்பியவர், இதயத்தையே தம் துறையாகக் கொண்டார்.

மாரடைப்பால் இறந்தோரின் கணக்கை அவர் பார்த்தார். நடுத்தர வயதினரில் பாதிக்கு மேற்பட்டோர் வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே மாண்டிருந்தனர். அவர்கள் மருத்துவமனையின் வாசலையே எட்டவில்லை. அங்கே எவ்வளவு சிறந்த கருவிகள் இருந்து என்ன பயன்?

இம்மரணங்களில் பலவற்றுக்குக் காரணம் ஒன்றே. இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டு, வெறுமனே நடுங்கத் தொடங்குகின்றன. ரத்தம் வெளியேறுவதில்லை. சில நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்குகிறது. மார்பின் மீது வலுவான மின்னதிர்ச்சி கொடுத்தால் அந்த நடுக்கம் அடங்கி, இதயம் தன் இயல்பான துடிப்பை மீண்டும் பெறக்கூடும். அதற்கான கருவி அப்போதே இருந்தது. ஆனால் அது மருத்துவமனைச் சுவரின் மின்சாரத்தை நம்பியிருந்தது.

பான்ட்ரிட்ஜும் அவருடைய உதவியாளர் ஜான் கெடஸும் 1965-இல் அக்கருவியைக் கார் பேட்டரிகளால் இயங்கச் செய்தனர். எடை 70 கிலோ! ஒரு முழு ஆளைத் தூக்குவது போல. ஆயினும் 1966 ஜனவரியில் அது ஆம்புலன்ஸில் ஏறியது. மருத்துவரும் செவிலியரும் உடன் சென்றனர். நகைத்தவர்களும் ஐயுற்றவர்களும் மருத்துவ உலகில் பலர். 1967-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த கட்டுரை அவர்களுக்குப் பதிலளித்தது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற பத்துப் பேருக்குத் துடிப்பு மீட்கப்பட்டிருந்தது. அவர்களுள் ஐவர் நலமாக வீடு திரும்பினர். விரைவில் கருவியின் எடையும் சுமார் 3 கிலோவாகக் குறைந்தது.

இனி ஒரு கேள்வி. ஒவ்வொரு வண்டிக்கும் மருத்துவரை எங்கே தேடுவது?

விடை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து வந்தது. அங்கே அக்காலத்தில் நோயாளிகளைப் போலீஸ் வண்டியில் போட்டுக்கொண்டு செல்வதே வழக்கம். 1967-இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. வேலை கிடைக்காதிருந்த கறுப்பின இளைஞர்களுக்கு டாக்டர் பீட்டர் சேஃபர் வகுத்த திட்டப்படி பயிற்சி அளிக்கப்பட்டது. பின்னர் டாக்டர் நான்சி கரோலைன் பாடங்களை விரித்து எழுதினார். மருத்துவப் பட்டம் இல்லாதவரும் உயிர் காக்க முடியும் என்று காட்டிய இச்சேவையை 1975-இல் நகராட்சி மூடிவிட்டுத் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது. நன்றி கெட்ட செயல் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இன்று இத்தகைய பயிற்சி பெற்றவர்களின் வேலை மின்னதிர்ச்சியோடு முடிவதில்லை. தெருவில் ஒருவர் வியர்த்துக் கொட்ட, உளறியபடி தள்ளாடுகிறார். குடித்திருக்கிறார் என்று நீங்களும் நானும் ஒதுங்கிப் போவோம். ஊழியரோ விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார். 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்கும் கீழே சர்க்கரை இறங்கியிருந்தால், அது நீரிழிவு மருந்தின் விளைவாக இருக்கலாம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் குளுக்கோஸ் வாயில் தரப்படும். நினைவிழந்தவருக்கு வாயில் எதுவும் ஊற்றலாகாது, மூச்சுக் குழலில் இறங்கிவிடும், அவருக்கு ஊசிதான். மாறாக, சர்க்கரை மிக ஏறி, மூச்சு ஆழ்ந்து விரைந்து பழவாடை வீசினால், உடலில் அமிலம் தேங்கியுள்ளது எனக் கொண்டு சிரை வழியே உப்பு நீர் ஏற்றி மருத்துவமனைக்கு விரைவர்.

இவ்விரு நோய்களும் சந்திக்கும் இடமும் உண்டு. நீண்டநாள் நீரிழிவால் நரம்புகள் கெட்டிருந்தால், மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் வரக்கூடும். வெறும் களைப்பும் மூச்சு வாங்குதலும்தான் தெரியும். ஆகவேதான் வலி இல்லை என்று நீரிழிவு நோயாளி சொன்னாலும், ஊழியர் அவர் மார்பில் ஈசிஜி கம்பிகளைப் பொருத்துகிறார்.