கண்டெடுத்தவள் பெயர்

இங்கிலாந்தின் தென்கரையில், லண்டனிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீற்றர் தொலைவில், லைம் ரீஜிஸ் என்றொரு சிறு கடலோரப் பட்டினம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் பெற்றோர் தம் பிள்ளைகளை, வாளியும் கையுமாக, அங்கு அழைத்து வருகிறார்கள். மணல்வீடு கட்டுவதற்கன்று; கல்லாகிப்போன பழைய உயிரினங்களைத் தேடுவதற்கு. உயிர்ச்சுவடுகள் என்று நாம் பள்ளியிற் படித்தவை, தமிழகத்தார் புதைபடிவங்கள் என்பவை, அந்தக் கரையில் அலைக்கு அலை வெளிப்பட்ட வண்ணம் இருக்கின்றன.

லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பேரப்பிள்ளைகளோடு நானும் அங்கு போக நேர்ந்தது. முன்னோட்டமாக அவர்களை இயற்கை வரலாற்று நூதனசாலைக்குக் கூட்டிச் சென்றோம். அவர்கள் பார்க்க விரும்பியது டைனோசர்களைத்தான். ஆனால் கடல்வாழ் ஊர்வனவற்றின் கூடத்தில், நீண்ட அலகும் பெரிய கண்குழியுமாக இருந்த ஒரு மண்டையோட்டின் முன் என் பேர்த்தி நின்றுவிட்டாள்.

"அம்மப்பா, இதுவும் டைனோசரோ? இதை ஆர் கண்டுபிடிச்சது?"

முதற் கேள்விக்கு விடை எளிது. அது டைனோசர் அன்று. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய இக்தியோசர் என்ற ஊர்வன இனம். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லத்தான் ஒரு வரலாறு வேண்டியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லைம் ரீஜிஸில் றிச்சர்ட் அனிங் என்றொரு தச்சர் வாழ்ந்தார். நெப்போலியனுடனான போரினால் ஐரோப்பாவுக்குப் போக இயலாத வசதி படைத்தோர் அக்காலத்தில் உள்நாட்டுக் கடற்கரைகளை நாடினர். அவர்களுக்கு விற்பதற்காக, றிச்சர்ட் தம் மகன் ஜோசப்பையும் மகள் மேரியையும் அழைத்துக்கொண்டு பாறைச் சரிவுகளில் உயிர்ச்சுவடு தேடுவார். சுருள்வடிவ அமோனைட்டுகளை ஊரார் பாம்புக்கல் என்றனர். கணவாய் இனத்தின் கூரிய எச்சங்களைப் பிசாசு விரல் என்றனர். (நம்மவர் பூசையறையில் வைக்கும் சாளக்கிராமமும் ஓர் அமோனைட் சுவடே.) இன்று குடும்பங்கள் பொழுதுபோக்காகச் செய்வதை அந்தக் குடும்பம் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தது.

1810இல் றிச்சர்ட் கடனை விட்டுவிட்டு இறந்தார். பிறந்த பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் இந்த இருவர் மட்டுமே. மறு ஆண்டு ஜோசப் ஏறத்தாழ நான்கடி நீளமான ஒரு மண்டையோட்டைக் கண்டான். 1812இல் மேரி எஞ்சிய எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தாள். கூலியாட்களைக் கொண்டு அது வெட்டியெடுக்கப்பட்டது. அவளுக்கு அப்போது வயது 12 அல்லது 13. பிரபு ஒருவர் அதனை 23 பவுணுக்கு வாங்கினார். பின்னர் அது லண்டனில் வில்லியம் புல்லொக் என்பவரின் காட்சிச்சாலைக்குப் போய், 1819இல் பிரித்தானிய நூதனசாலையை அடைந்தது. என் பேர்த்தி பார்த்து நின்றது அதன் தலையைத்தான்.

அரச சத்திரசிகிச்சை நிபுணரான எவரார்ட் ஹோம் 1814 முதல் இந்த விலங்கைப் பற்றி ஆறு கட்டுரைகள் எழுதினார். கண்டெடுத்தவர்களின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. எலும்புகளிலிருந்து பாறையை நீக்கித் துப்புரவாக்கிய பெருமையையும் அவர் புல்லொக்கின் ஊழியர்களுக்கே கொடுத்துவிட்டார்.

1823 டிசம்பரில் மேரி, நீண்ட கழுத்துடைய பிளேசியோசரின் முழு எலும்புக்கூட்டை வெளிக்கொணர்ந்தார். கழுத்தெலும்புகளின் எண்ணிக்கையைக் கண்டு பிரெஞ்சு அறிஞர் குவியே இது பொய்யாக ஒட்டவைக்கப்பட்டதோ என்று ஐயுற்றார். பின்னர் தம் தவறை ஏற்றார். 1824 பெப்ரவரி 20ஆம் திகதி, லண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தில் வில்லியம் கொனிபியர் அதனை அறிமுகஞ் செய்தார். அதே கூட்டத்திற்றான் வில்லியம் பக்லண்ட், விஞ்ஞானப் பெயர் பெற்ற முதலாவது டைனோசரான மெகலோசரஸை அறிவித்தார். அறிவியல் வரலாற்றில் அப்படியொரு மாலைப்பொழுது அரிது. ஆயினும் கொனிபியரின் உரையில் மேரியின் பெயர் இடம்பெறவில்லை. கூட்டத்துக்கு வந்திருக்கவும் அவரால் முடியாது. பெண்களுக்கு அச்சங்கத்தில் இடமில்லை. 1919இலேயே அங்கு பெண்கள் உறுப்பினராயினர்.

இதை எழுதும்போது எனக்குச் சற்றே உறுத்துகிறது. செய்தி மேசையில் இருந்த நாட்களில், பிரதேச நிருபர்கள் பேருந்திலும் சைக்கிளிலும் அலைந்து திரட்டி அனுப்பிய செய்திகளை நானே திருத்தியிருக்கிறேன். இடம் போதாதபோது முதலில் வெட்டியது அவர்களின் பெயரைத்தான். மறுநாள் அச்செய்திக்குப் பாராட்டு வந்தால் அது கொழும்பிலிருந்த எங்களுக்கே வந்தது. ஒருவர்கூட என்னிடம் முறையிட்டதில்லை.

பத்திரிகைத் தொழிலுக்கு ஆறுதலான ஒரு செய்தியும் இவ்வரலாற்றில் உண்டு. 1823இல் 'பிறிஸ்டல் மிரர்' என்ற பத்திரிகை, அறிஞர்களின் சேகரிப்புகளிலுள்ள சிறந்த இக்தியோசர்கள் ஏறக்குறைய யாவும் இப்பெண்ணின் உழைப்பால் கிடைத்தவை என்று எழுதிற்று. தொங்கும் பாறைகளின் கீழ் உயிரைப் பணயம் வைத்து, அடுத்த அலை கொண்டுபோகுமுன் அவர் அவற்றை மீட்கிறார் என்றும் அது விளக்கியது. மிகைக்கூற்றன்று. 1833இல் ஒரு மண்சரிவு அவருடைய நாயை அவர் கண்முன்னே புதைத்தது. அவர் மயிரிழையில் தப்பினார்.

அறிஞர்கள் அனைவரும் நன்றி மறந்தவர்கள் என்று எழுதுவது நேர்மையாகாது. வீட்டு வாடகை கொடுக்கத் தளபாடங்களை விற்கும் நிலைக்கு அனிங் குடும்பம் வந்தபோது, தோமஸ் பேர்ச் என்ற சேகரிப்பாளர் 1820இல் தம் உயிர்ச்சுவடுகளை ஏலமிட்டு, கிடைத்த 400 பவுணை அவர்களுக்கு அளித்தார். ஹென்றி டி லா பெஷ் தாம் தீட்டிய தொல்லுலக ஓவியத்தின் அச்சுப்பிரதிகளை விற்று உதவினார். மார்புப் புற்றுநோயால் 1847இல், 47ஆவது வயதில் மேரி மறைந்தபோது, அவருக்கு இடமளிக்காத அதே சங்கத்தில் இரங்கலுரை நிகழ்த்தியவரும் அவரே. 2022 மே 21ஆம் திகதி, மேரியின் பிறந்த நாளில், லைம் ரீஜிஸில் அவருக்குச் சிலை திறந்தார்கள். அதற்கான இயக்கத்தைத் தொடங்கியவள் ஒரு பள்ளிச் சிறுமி. அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்று நூதனசாலை இருக்கிறது.

நாங்கள் வழிகாட்டியொருவருடன் கரையோரம் நடந்தோம். பாறைச் சரிவைத் தோண்டலாகாது. அலை உதிர்த்துப் போட்டதைப் பொறுக்கலாம். வற்று வேளை தவறினால் திரும்பும் வழி கடலாகிவிடும். குளிர்காலப் புயலுக்குப் பின்னர்தான் நல்லவை கிடைக்கும் என்றார் அவர். கோடையில் வந்த எங்களுக்கு இரண்டு மணி நேரத்தில் கிடைத்தவை மூன்று பிசாசு விரல்களும் ஓர் அரை அமோனைட்டும்.

ஆய்வுக்குப் பயன்படும் அரிய சுவடு எதுவும் கிடைத்தால், அயற்கிராமமான சார்மவுத்திலுள்ள நிலையத்தில் பதிய வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. கண்ட இடம், நாள், கண்டெடுத்தவர் பெயர்.

எங்கள் அரை அமோனைட்டுக்கு அந்தத் தகுதி இல்லை. என்றாலும் வீட்டுக்கு வந்ததும் பேர்த்தி ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதை இட்டாள். மேலே ஒட்டிய தாளில் இடத்தையும் நாளையும் எழுதினாள். பெயர் எழுதும் இடத்துக்கு வந்ததும் சற்று யோசித்தாள். கல்லை முதலில் கண்டவன் தம்பி, எடுத்தவள் இவள். இரண்டு பெயரையும் எழுதினாள், தம்பியின் பெயரைக் கொஞ்சம் சிறிதாக.