பெயரில்லா நிழற்படங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கொள்ளைநோய்க் காலங்களை ஒதுக்கிவிடல் இயலாது. அக்காலங்களில் உழைத்தோரின் நிழற்படங்களும் வரலாற்றுச் சான்றுகளேயாகும்.

முகக்கவசம் அணிந்த பணியாளரின் படங்கள் நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைமையுடையவை. 1910–11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் நோய் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே துணியாலான முகக்கவசத்தைப் பணியாளர்க்கு அணிவித்தார். அப்பணியாளரின் படங்கள் எஞ்சியுள்ளன. மருத்துவரின் பெயர் நிலைத்தது. அவர்தம் பெயர்கள் நிலைக்கவில்லை.

1918இல் நச்சுச் சளிக்காய்ச்சல் மலேயாவுக்குள் புகுந்தது. பால்மரம் சீவிய தமிழர் பெருந்தொகையினராக மாண்டனர். அரசாங்க அறிக்கைகள் அவர்களை எண்களாகவே குறித்தன.

எண்பது ஆண்டுகளுக்குப்பின் போர்ட்டிக்சன் வட்டாரத்துப் புக்கிட் பெலாண்டோக்கில் மற்றொரு நோய் தலைகாட்டியது. 1998இல் பேராக்கில் தோன்றி, பன்றிகளின் வழியே இங்கு வந்த அந்நோயை முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதினர். புகையடித்தும் தடுப்பூசி போட்டும் மரணங்கள் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் புதியதொரு நச்சுயிரியைக் கண்டறிந்தது. சுங்கை நிப்பா சிற்றூரின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். பெரும்பாலோர் சீனர், இந்தியரும் இருந்தனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. முகக்கவசமும் கையுறையும் அணிந்து அப்பணியாற்றிய படைவீரர்களின் படங்களை நாளேடுகள் வெளியிட்டன. ஆனால், நோயென்று அறியாமுன்பே கவசமின்றிப் பண்ணைகளில் உழைத்தவர்களை எவரும் படமெடுக்கவில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நகரங்களில் முகக்கவசமணிந்த தாதியரும் துப்புரவுத் தொழிலாளரும் படமெடுக்கப்பட்டனர். அதே நாள்களில் செம்பனைத் தோட்டங்களிலும் குலைகள் வெட்டப்பட்டன. தமிழர் பலர் நகர்களுக்குப் பெயர்ந்துவிட்ட தோட்டங்களில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் உழைக்கின்றனர். அன்று நம் முன்னோர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர்.

முகக்கவசம் நோயைத் தடுப்பதற்கானது, பெயரை மறைப்பதற்கானதன்று. இசைவு பெற்று ஒருவரைப் படமெடுக்கும் மாணவர், அவர் பெயர், ஊர், பணி, நாள் ஆகியவற்றையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும். 1918இல் அவ்வாறு எழுதிவைக்க ஒருவர் இருந்திருப்பின், நம் தோட்டப்புற வரலாற்றில் இன்றுள்ள வெற்றிடம் இத்துணைப் பெரிதாக இருந்திராது.